மாறன்குறிச்சிக்கு வந்த அடிக்கற்கள்

மாறன்குறிச்சி,
ஏரலுக்கு எதிர்க்கரை,
ஆடி இரண்டாம் வெள்ளி, 1997

சிரஞ்சீவி மருமகன் குமரகுருபரனுக்கு, ஆற்றுக்கு இக்கரையின் வாழைத்தார்ச் சக்கரவர்த்தியும், மாறன்குறிச்சி நடுநிலைப் பள்ளி பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் போட்டியில்லாத தலைவரும், எல்லாவற்றுக்கும் மேலாக உன் தாயின் உடன்பிறப்புமாகிய அம்மையப்பன் சகல ஆசீர்வாதங்களோடும் எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம், உன் அத்தை சுகம், பசுவும் கன்றும் சுகம், பம்புசெட் மட்டும் படுத்த படுக்கையாக இருக்கிறது. மெட்ராஸுக்குச் சென்னை என்று பெயர் மாற்றிய பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. பெயர் மாறிய பிறகாவது உன் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று அடுத்த தபாலில் தெரிவிக்கவும்.

உன் இன்லண்ட் லெட்டர் கிடைத்தது. மூன்று பக்கத்தையும் வெள்ளையாக விட்டுவிட்டு நடுவில் இரண்டே வார்த்தை எழுதியிருந்தாய்: 'மாமா, நீங்களுமா?' அரசாங்கத்தில் இருப்பவர்கள் காகிதத்தை இப்படித்தான் செலவழிப்பார்கள் என்று தெரியும், ஆனால் அந்த இரண்டு வார்த்தை என்னை மூன்று நாள் சாப்பிடவிடவில்லை. மூன்று நாளும் பலகாரமாகத்தான் தின்றேன். காண்ட்ராக்டர் தேவசிகாமணிக்கு நான் மாலை போட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிற படத்தைப் பேப்பரில் பார்த்திருக்கிறாய். பள்ளிக்கூடத்துக் காசை விழுங்கியவனுக்கு நம் மாமா மாலை போடுகிறாரே, இவரும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாரே என்று உன் மனசு கொதித்திருக்கும். கொதிக்கட்டும், நல்ல ரத்தம். ஆனால் அந்த மாலைக்குள்ளே இருக்கிற கதை பேப்பர்க்காரனுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் பேனாவைத் திறக்கிறேன். அரிச்சந்திரன் மயானத்தில் நின்று பேசியதைவிட ஒரு பங்கு கூடுதலான உண்மை இதில் இருக்கும்.

தொண்ணூற்றிரண்டு வெள்ளத்திலிருந்து தொடங்குகிறேன். தாமிரபரணி அந்தக் கார்த்திகையில் நம் ஊருக்குள் வந்து வீடு வீடாகக் குசலம் விசாரித்துவிட்டுப் போனது உனக்கு நினைவிருக்கும். போகிற போக்கில் பள்ளிக்கூடத்துப் பின்கட்டு அறைச் சுவர்களை ஊறவைத்துப் பையப் பைய உட்காரவைத்துவிட்டது. முந்தின நாளே நானும் டீக்கடை மீரா முகைதீனும் ஆள் சேர்த்து ஓட்டையும் உத்திரத்தையும் இறக்கி அவர் கடைக்குப் பின்னால் அடுக்கிவிட்டதால் அது மட்டும் பிழைத்தது. அன்றிலிருந்து ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புக்கும் புளியமரம்தான் கூரை. காற்றடித்தால் கணக்குப் பாடத்தின் நடுவில் புளியம்பழம் விழும், பிள்ளைகள் விடையை விட்டுவிட்டுப் பழத்தை எடுக்க ஓடும். அறை வேண்டும் என்று எழுதிப்போட்டோம். அரசாங்கம் உடனே இரங்கியது. இரங்கி, ஒரு கல்லை அனுப்பியது.

அடிக்கல் நாட்டு விழா என்றால் நீ ஏதோ கட்டடத்தின் முதல் கல் என்று நினைப்பாய். படித்தவன் அப்படித்தான் நினைப்பான். இங்கே அது கட்டடத்தின் கடைசிக் கல். தொண்ணூற்றிமூன்றில் ஒரு தலைவர் வந்தார். எந்தக் கட்சி என்று கேட்காதே, கல்லுக்குக் கட்சி கிடையாது. என் தோப்பிலிருந்து குலையோடு வெட்டிய இரண்டு வாழை, பந்தல், மைக் செட், பளபளவென்று மெருகேற்றிய கருங்கல், வெள்ளிக் கரண்டி, பக்கத்தில் வெள்ளிக் கரண்டியைவிடப் பளபளப்பாகத் தேவசிகாமணியின் சிரிப்பு. கல்லை நாட்டினார்கள், கை தட்டினோம், அவர்கள் போகும்போது வாழைக்குலையையும் கொண்டுபோனார்கள். அப்புறம் அந்தக் கட்டடம் எழும்பியது பார், காகிதத்தில், அடடா. அஸ்திவாரம் தோண்டினார்கள், கூரை போட்டார்கள், வெள்ளையடித்தார்கள், இது போதாது என்று மேலே ஒரு மாடி எடுத்தார்கள். அடுத்த மழையில் அது காகிதத்திலேயே ஒழுகியது, காகிதத்திலேயே மராமத்துப் பார்த்தார்கள். உலகத்தில் இவ்வளவு கவனமாகப் பராமரிக்கப்பட்ட கட்டடம் வேறு இருக்காது. எங்கள் கண்ணுக்குத்தான் அது தெரியவில்லை. ஏரல் சந்தையில் தேவசிகாமணியைப் பிடித்துக் கேட்டேன்.

"என்ன அண்ணாச்சி இப்படிக் கேட்டுட்டிய. வேலை நடந்துக்கிட்டுல்லா இருக்கு" என்றான்.

"நடந்து எந்த ஊரு வரைக்கும் போயிருக்கு வே?" என்றேன். "திரும்பி வருமா, இல்ல அப்படியே காசி ராமேஸ்வரம்னு போயிருமா?"

அவன் கோபப்படவே இல்லை. அந்த மாதிரி மனிதர்களிடம் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம் அதுதான், கோபமே வராது. தொண்ணூற்றைந்தில் வேறொரு தலைவர், வேறொரு கல். போன வருஷம் தேர்தலுக்கு முன்னால் மூன்றாவது கல். ஒவ்வொரு கல்லும் முன்னதைவிடப் பெரியது. மூன்றையும் புளியமரத்தடியில் வரிசையாக நட்டுவைத்திருந்தார்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் அவற்றைப் பார்த்துத்தான் எழுத்துக்கூட்டப் பழகின. மற்ற ஊர்ப் பிள்ளைகள் 'அம்மா', 'ஆடு' என்று படித்து வர, நம் ஊர்ப் பிள்ளைகள் எடுத்த எடுப்பில் 'மாண்புமிகு' என்றும் 'பொற்கரங்களால்' என்றும்தான் படித்தன. மேலவீட்டுப் பேரன் ஒருத்தன் ஆட்டைக் காட்டி என்ன என்று கேட்டால் 'நாட்டப்பட்டது' என்கிறான்.

சிரித்துக்கொள். நானும் சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். ஆனால் மருமகனே, ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மழைக்காலம் வந்தால் மரத்தடியில் பள்ளிக்கூடம் கிடையாது, ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் பெரிய வகுப்புகளுக்கு லீவு மாதிரிதான். அந்த லீவில் போன பிள்ளைகள் திரும்பி வருவதில்லை. பெண்பிள்ளைகள் மடியில் பீடித்தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. பையன்கள் உன் ஊருக்கும் பம்பாய்க்கும் மளிகைக்கடை வேலைக்கு வண்டி ஏறிவிட்டான்கள். போன வருஷம் நான் மெட்ராஸ் வந்தபோது கொத்தவால் சாவடிப் பக்கம் ஒரு கடையில் புளி நிறுத்துக்கொடுத்த பையன், 'மாமா, நம்ம பள்ளிக்கூடத்துக்கு ரூம் கட்டியாச்சா?' என்று கேட்டான். எட்டாம் வகுப்பில் பாதியில் போனவன். கட்டியாச்சுலே என்று சொல்லிவிட்டு வந்தேன். காகிதத்தின்படி அது பொய்யில்லை.

இப்படியாக இந்த வருஷம் தை மாதத்தில் படிப்பு ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். புளியமரத்தை மேலும் கீழும் பார்த்தார். எட்டாம் வகுப்புக்கு ஜூன் மாதத்துக்குள் கூரையுள்ள அறை இல்லையென்றால் அந்த வகுப்பை மூடிவிட வேண்டியது, பிள்ளைகள் ஆற்றைக் கடந்து ஏரலுக்குப் போய்ப் படித்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார். அறைதான் மாடியோடு கட்டியிருக்கிறதே என்றேன். அது கட்டட ஆபீஸ் கணக்கு, எங்கள் கணக்கில் கட்டடம் இல்லை என்றார். இரண்டு ஆபீசும் ஒரே வளாகத்தில்தான் இருக்கின்றன, நடுவில் ஒரு வேப்பமரம். அந்த வேப்பமரத்தைத் தாண்டிக் காகிதம் போகாதாம். இமயமலையைத் தாண்டிப் படை வந்திருக்கிறது, இந்த வேப்பமரத்தைத் தாண்டி ஒரு காகிதம் வந்ததாகச் சரித்திரம் இல்லை.

அப்போதுதான் மீரா முகைதீனின் மகள் நஃபீஸத் ஏழாம் வகுப்பு முடிக்க இருந்தாள். உனக்கு அவளைத் தெரியாது. கடையில் டீ வாங்க வருகிறவர்களிடமெல்லாம் பேப்பரைப் பிடுங்கி வாசித்துவிட்டுத்தான் மடித்துக் கொடுப்பாள், அவ்வளவு பிடிவாதமாகப் படிக்கிற பிள்ளை. நான் அவள் வாப்பாவிடம் கேட்டேன்.

"வே மீரா, எட்டாங்கிளாஸை மூடிட்டான்னா புள்ளையை என்ன செய்யப்போறீரு?"

அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். கிளாஸுக்கும் குவளைக்கும் நடுவில் டீ ஒரு முழத்துக்கு நீண்டது.

"வீட்டுல இருக்கட்டும் அண்ணாச்சி."

"ஏரலு என்ன அமெரிக்காவா?"

"வெயிலுக்கு ஏரலுதான். மழைக்கு அமெரிக்கா. பாலம் முங்கிட்டுன்னா அக்கரைல எம் புள்ள, இக்கரைல நானு. பொழுதடையுத வரைக்கும் அவ உம்மாவுக்கு யாரு பதிலு சொல்லுதது? நீங்க சொல்லுதியளா?"

மழைக்காலத்தில் நம் தரைப்பாலத்தின் யோக்கியதை தெரிந்தவன் என்பதால் பேச்சை அத்தோடு விட்டுவிட்டேன். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை, மகள் பரீட்சை எழுதிய நாளெல்லாம் கடையில் சர்க்கரை கூடப் போட்டவர். அன்றைக்குத் தலைமையாசிரியை ஆவுடைத்தாய் டீச்சர் மரத்தடியில் தமிழ் நடத்திக்கொண்டிருந்தார். கடைக்கும் மரத்துக்கும் நடுவில் ரோடுதான், பாடமெல்லாம் எங்களுக்கும் சேர்த்துத்தான் நடக்கும்.

"'கல்'லுன்னா என்னலே அர்த்தம்?" என்று டீச்சர் கேட்டார்.

"அடிக்கல் டீச்சர்" என்றது மொத்த வகுப்பும்.

"வேற?"

நஃபீஸத் எழுந்தாள். "கல்லுன்னா படின்னும் அர்த்தம் டீச்சர். கற்க, கற்றுன்னுலாம் வருதுல்லா, அதுக்கும் வேர்ச்சொல்லு கல்லுதான். ரெண்டும் ஒரே கல்லு. நமக்கு ஒரு கல்லு மட்டும் வந்துட்டு, இன்னொரு கல்லு வரல."

மீரா முகைதீன் ஆற்றிய டீ முழுக்க அவர் காலில் விழுந்தது. சுட்டதாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை. எனக்கோ புளியமரத்துக்கும் மேலே ஒரு மின்னல் அடித்து என் உச்சந்தலையில் இறங்கி ஏரல் டிரான்ஸ்ஃபார்மரைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. "வே மீரா," என்றேன், "நாம இத்தனை வருஷமா கட்டடம் கேட்டோம், அவங்க கல்லு தந்தாங்க. இனிமே கட்டடமே கேக்க வேண்டாம். கல்லையே கேப்போம்."

அவர் காலைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தார். "வெயில்ல ரொம்ப நிக்காதீங்க அண்ணாச்சி" என்றார்.

ஆனால் மறுநாளே என்னோடு கிளம்பிவிட்டார். உள்ளாட்சித் தேர்தல் முடிந்த புதிது அல்லவா, ஐந்து கல் சுற்றளவில் எங்கே கல்லெறிந்தாலும் ஒரு தலைவர் மேல்தான் விழும். இந்நாள், முன்னாள், வருங்காலம், தலைவருக்கு மைத்துனர், மைத்துனருக்கு வலதுகை, எல்லாரும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நாட்டுவதற்கு ஒரு கல் கிடைக்காதா என்று தவித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வீடு வீடாகப் போய்ப் பள்ளி வளாகத்தில் அடிக்கல் நாட்டும்படி வேண்டினோம். ஒருவருக்கு நூலகம், ஒருவருக்கு விஞ்ஞான ஆய்வுக்கூடம், இன்னொருவருக்கு நீச்சல்குளம். ஆறு பக்கத்தில் ஓடுகிறதே என்று அவர் கேட்கவே இல்லை. எல்லாவற்றுக்கும் மணிமுடியாகக் கப்பல் கட்டும் தளம். நம் பக்கத்துக் கொற்கை, பாண்டியர் காலத்துத் துறைமுகமாயிற்றே, அந்தப் பெருமையை மீட்க உங்களால்தான் முடியும் என்று சொன்னதும் அந்தத் தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே ஒரு சந்தேகம் மட்டும் கேட்டார்.

"கடல் பக்கத்துலதான இருக்கு?"

"முன்ன பக்கத்துலதான் இருந்துச்சு தலைவரே. இப்பக் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு. நீங்க கல்லை நாட்டுனியன்னா வந்துரும்" என்றேன்.

பொங்கலுக்குள் முதல் கப்பல் வெளியே வரும் என்று மேடையிலேயே அறிவித்துவிட்டார். கேட்டுக்கொண்டிருந்த மீரா முகைதீன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார், அழுகிறார் என்று தலைவரின் ஆட்கள் சோடா வாங்கிக் கொடுத்தார்கள்.

இதில் நான் செய்த ஒரே தந்திரம் அளவு விஷயத்தில்தான். ஒரு தலைவரைப் பார்க்கப் போகும்போது முந்தின தலைவர் கல் என்ன அளவு என்று போகிற போக்கில் சொல்லுவேன். "அவருக்கு மூணடிங்க" என்றால் இவர் மூன்றரை என்பார். மூன்றரை என்று கேள்விப்பட்டவர் நாலடிக்கு ஆர்டர் கொடுப்பார். எல்லாரும் ஒரே கல்வெட்டுக்காரரிடம்தான் போனார்கள். பாவம், அந்த மனிதர் ராப்பகலாக உளியோடு உட்கார்ந்து கண்ணே மங்கிப்போய் எழுத்தெல்லாம் பிசக ஆரம்பித்தது. ஒவ்வொரு விழாவுக்கும் கல் வரும், கல்லுக்குப் பீடம் கட்ட என்று செங்கல் வரும், மணல் வரும், சிமெண்ட் வரும், பந்தலுக்குச் சவுக்குக் கம்பு வரும், ஆளுயரத்துக்கு இரண்டு மடங்காகத் தலைவரின் பலகைக் கட்அவுட் வரும். விழா முடிந்ததும் தலைவர் போவார், மற்றதெல்லாம் இருக்கும். நஷ்டம் என்று பார்த்தால் என் தோப்புக்குத்தான். விழாவுக்கு இரண்டு வாழை என்று வெட்டி வெட்டி மேற்குப்பக்கம் மொட்டையாகிவிட்டது. உன் அத்தை வேலிக்கு வெளியே நின்று, "ஊருக்குப் பள்ளிக்கூடம் வருதோ இல்லையோ, நம்ம தோப்பு விளையாட்டு மைதானம் ஆயிட்டு. அதுக்கும் ஒரு கல்லை நாட்டிருங்க" என்றாள். அவள் சொன்னது நல்ல யோசனையாக இருந்ததால் விளையாட்டு மைதானத்துக்கும் ஒரு தலைவரைப் பிடித்தோம்.

சித்திரையில் கொத்தனார் பாக்கியசீலன் வேலையைத் தொடங்கினார். தொடங்கின அன்றே நிறுத்திவிட்டார்.

"அண்ணாச்சி, எந்தத் தலைவரை அடியில வைக்க, எந்தத் தலைவரை மேல வைக்க? ஆள் மாறி வச்சேன்னா நாளைக்கு என் வீட்டுக் கூரை ஓட்டைப் பிரிச்சு எண்ணிப்புடுவாங்க" என்றார்.

நியாயமான பயம். ஒரு சாயங்காலம் முழுக்க யோசித்து, பெயர்களெல்லாம் அறைக்குள்ளே பார்த்த மாதிரி வைத்து, வெளிப்பக்கம் பூசிவிடுவது என்று முடிவானது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணச் சுவர். உள்ளே போனால் நான்கு பக்கமும் மாண்புமிகுக்கள். நம் தலைவர்களெல்லாம் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பள்ளிக்கூடத்துக்குள் ஒழுங்காக, பேசாமல், வரிசையாக உட்கார்ந்தார்கள். மெருகேற்றிய கல்லானதால் சாக்பீஸால் எழுத அதைவிட நல்ல கரும்பலகை கிடையாது. மேலே மீரா கடையில் அடுக்கியிருந்த பழைய ஓடும் உத்திரமும். கதவுக்குக் கப்பல் தளத் தலைவரின் கட்அவுட் பலகை. கதவைத் திறந்தால் அவர் சிரிப்பு இரண்டாகப் பிளக்கும், மூடினால் மறுபடி சேர்ந்துகொள்ளும். ஆவுடைத்தாய் டீச்சர் பூச்சு காய்வதற்கு முன்பே இலக்கணப் பாடம் தொடங்கிவிட்டார். ஒவ்வொரு கல்லிலும் பிழை கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் வீட்டுப்பாடம். 'அடிகல்' ஒருவருக்கு, 'பொர்கரங்கள்' ஒருவருக்கு. எல்லாவற்றையும் தூக்கி விழுங்கியது நூலகத் தலைவரின் கல். 'கல்வி வள்ளல்' என்று வெட்டச் சொல்லியிருக்கிறார், கண் மங்கிய மனிதர் 'கள்வி வள்ளல்' என்று வெட்டிவிட்டார். கள்வி என்றால் திருடி என்று டீச்சர் விளக்கியதும் பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் ஓடு இரண்டு நழுவியது.

ஜூன் முதல் வாரம் ஜீப் வந்தது. படிப்பு ஆபீஸ் அதிகாரி, எட்டாம் வகுப்பை மூடுகிற உத்தரவோடு. அதே ஜீப்பில் தேவசிகாமணியும் இருந்தான். ஆபீசராக இருந்தாலும் அங்கேயே உட்கார்ந்திருக்கிற காண்ட்ராக்டராக இருந்தாலும் நம் நாட்டில் ஒரே ஜீப்தான். அவன் வந்தது வேறு வேலைக்கு. ஒரு தலைவர் கட்சி மாறிவிட்டார், அவர் கல்லைப் பெயர்த்துப் பெயரைச் செதுக்கி அழித்துவிட்டு வேறொருவருக்குப் போட்டுக் கொடுக்கலாம் என்று கல்லைத் தேடி வந்திருக்கிறான். புளியமரத்தடியில் ஒரு கல்லும் இல்லை. அந்த இடத்தில் ஓடு போட்ட அறை. நஃபீஸத் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மீரா முகைதீன் கடையைத் திறந்து போட்டுவிட்டு வந்து வாசலில் நின்றார். அவர் கையில் டீ ஆற்றுகிற குவளை இன்னும் இருந்தது.

"இது யார் கட்டினது?" என்று அதிகாரி கேட்டார்.

தேவசிகாமணிக்கு விஷயம் புரிந்துவிட்டது. "அனுமதியில்லாமக் கட்டிருக்காங்க சார். கல்லெல்லாம் விழாக் கல்லு. இதைக் கணக்குல எடுக்கப்படாது. சட்டப்படி இடிக்கணும்" என்றான்.

வாசலில் குவளை கீழே விழுந்து உருண்டது. நான் அதைப் பார்க்காத மாதிரி அதிகாரியை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். "இடிக்கலாம் சார். எந்தத் தலைவர் பேருல முதல் கடப்பாரையைப் போடுதது, நீங்களே சொல்லுங்க" என்றேன். அவர் சுவரைச் சுற்றிலும் பார்த்தார். அவரை இந்த ஊருக்கு மாற்றியவர் பெயர் தெற்குச் சுவரில் இருந்தது, வேறு ஊருக்கு மாற்றக்கூடியவர் பெயர் வடக்குச் சுவரில் இருந்தது. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும் சார்" என்று தேவசிகாமணி தொடங்கினான்.

"நீரு சொல்லுததும் சரிதான் வே" என்று அவன் தோளில் கை போட்டேன். "இது அனுமதியில்லாததுன்னா இடிச்சிருவோம். ஆனா தொண்ணூத்தி மூணுல நீரு அனுமதியோட கட்டினீரே ஒரு கட்டடம், மாடியோட, அது எங்கன இருக்குன்னு சாருக்குக் காட்டிரும். எட்டாங்கிளாஸைத் தூக்கி அதுல வச்சிருவோம்."

கடவுள் சாட்சியாகச் சொல்லுகிறேன், அப்போது ஆற்றில் மீன் துள்ளிய சத்தம் பள்ளிக்கூடத்தில் கேட்டது. தேவசிகாமணி என்னைப் பார்த்தான், அதிகாரியைப் பார்த்தான், ஓட்டைப் பார்த்தான். அந்தக் கோபமே வராத முகத்தில் முதல் தடவையாக வேர்வை பார்த்தேன். பிறகு கதவைக் கையால் தட்டிப்பார்த்துக்கொண்டே பையச் சொன்னான்.

"இதுதான் சார் அது. நான் கட்டினதுதான்."

"மாடி?" என்றார் அதிகாரி.

"மாடி..." என்றான் அவன்.

"மாடியை ஆறு கொண்டு போயிட்டு சார்" என்றார் மீரா முகைதீன் வாசலிலிருந்து. "நான் கண்ணால பாத்தேன். அந்தால ஏரலைப் பாக்கப் போச்சு."

வெள்ளம் வந்தது தொண்ணூற்றிரண்டில், கட்டடம் தொண்ணூற்றிமூன்றில். அதிகாரிக்கும் கணக்குத் தெரியும். ஆனால் அவர் நல்ல மனிதர், அல்லது களைத்த மனிதர். எட்டாம் வகுப்புக்குக் கூரையுள்ள அறை இருப்பதாக எழுதி, அங்கேயே கையெழுத்துப் போட்டார். நான் உடனே ஆள் அனுப்பி ஏரலிலிருந்து மாலை வரவழைத்து, ஏரல் நிருபரையும் கூட்டிவரச் சொல்லி, இந்தப் பள்ளிக் கட்டடத்தைக் கட்டித்தந்த ஒப்பந்ததாரருக்கு என்று அந்தத் தேவசிகாமணி கழுத்தில் போட்டேன். இனிமேல் அவன் எந்த ஆபீசில் போய் நின்றாலும் இது தன்னுடையதில்லை என்று சொல்ல முடியாதபடி படமும் பேப்பரில் வந்துவிட்டது. நீ பார்த்த படம் அதுதான். பெயர் அவனுக்குப் போகட்டும், அறை நமக்கு. நாட்டில் இவ்வளவு நடந்தும் நாலு சுவர் நமக்கு மிஞ்சியிருக்கிறது என்றால் அதற்கு ஒரு மாலை அதிகமில்லை.

நஃபீஸத் இப்போது எட்டாம் வகுப்பு. ஆடி மழை தூறினாலும் பாடம் நடக்கிறது. மீரா முகைதீன் கடையில் நின்றபடி அவள் வாசிக்கிற குரலைக் கேட்டுக்கொண்டே டீ ஆற்றுகிறார், ஒரு சொட்டுச் சிந்துவதில்லை. நேற்று அவள் என்னை வழியில் நிறுத்தி, "மாமா, கப்பல் தளம் எப்ப வரும்? நான் வேலைக்கு எழுதிப் போடணும்" என்று கேட்டாள். கடல் வந்ததும் வரும் என்றேன். கொத்தவால் சாவடிப் பக்கம் நீ போனால் அந்தப் புளி நிறுக்கிற பையனைத் தேடிப் பிடி. ரூம் கட்டியாச்சாம், இந்த முறை மாமா நிஜமாகவே சொல்லுகிறார் என்று சொல்லு. வருகிறானா என்றும் கேள்.

ஆகவே, மருமகனே, 'நீங்களுமா?' என்று கேட்டாயே, கேட்டுக்கொள். நான் எந்தத் தலைவன் காலிலும் விழுந்தவன் இல்லை. மேடைக்கும் மாலைக்கும் பல்லிளித்தவன் இல்லை. கல்லில் பெயர் வெட்டிக்கொள்ளும் அற்ப ஆசை நம் வம்சத்திலேயே கிடையாது. இதைப் படித்துக் கண்ணீர் வந்தால் துடைத்துக்கொண்டு, வராவிட்டால் வரவழைத்துக்கொண்டு, மாமாவுக்கு ஒரு பதில் எழுது, இந்தத் தடவை மூன்று பக்கத்தையும் நிரப்பு. உன் அத்தை கருப்பட்டி அனுப்பியிருக்கிறாள், எறும்புக்கு முன்னால் நீ தின்றுவிடு. ஆற்றில் தண்ணீரும் உன் வீட்டுக் குழாயில் தண்ணீரும் வற்றாமல், காய்ச்சல் தலைவலி அண்டாமல், மேலதிகாரி கண்ணில் படாமல் நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிற,

உன் தாய்மாமன்
அம்மையப்பன்

பின்குறிப்பு: சொல்ல மறந்துவிட்டேன். பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்ட ஆரம்பித்திருக்கிறோம், சுவரில் ஒரே ஒரு கல் குறைகிறது. கற்களெல்லாம் எங்கே போகின்றன என்ற செய்தி பரவிவிட்டதால் எந்தத் தலைவரும் இப்போது நம் ஊர்ப்பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. வேறு தலைவர் யாரும் மிச்சமில்லாததாலும், ஊரார் வற்புறுத்தியதாலும் (மீரா ஒருத்தர் வற்புறுத்தினார், அதுவும் நான் கேட்டபிறகு), உயர்நிலைப் பள்ளிக்கு என்று சொல்லி வருகிற ஆவணி முதல் வெள்ளியன்று நானே அடிக்கல் நாட்டுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். சுவரில் இடைவெளி நாலடிதான் என்று பாக்கியசீலன் சொன்னார். நாலரை அடியாக ஆர்டர் கொடுத்திருக்கிறேன். நீ கட்டாயம் வர வேண்டும், வரும்போது மெட்ராஸிலிருந்து ரோஜா மாலை, நன்றாகப் பருமனாக, ஒன்று வாங்கி வரவும். கல் இன்று காலை வந்தது. அதே கல்வெட்டுக்காரர். தங்க எழுத்தில், என் பெயருக்கு மேலே பெரிதாக, 'கள்வி வள்ளல்' என்று வெட்டியிருக்கிறார். திருப்பி அனுப்பலாம் என்று வண்டியில் ஏற்றப் போனேன். ஆவுடைத்தாய் டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்க வாசித்துப் பார்த்துவிட்டு, "எதுக்கு அண்ணாச்சி அனுப்புதிய? இத்தனை கல்லுல இது ஒண்ணுலதான் பிழையே இல்லை" என்று இறக்கி வைக்கச் சொல்லிவிட்டார்.